பதின்மூன்று கிளப் சபராளி

1

சாப்பாட்டு மேஜைக்கு அடியிலிருந்து பார்த்தால் அமெரிக்கா வேறு மாதிரி தெரிகிறது. மேலே எல்லாம் பளபளவென்று இருக்கும். அடியில் போன பெருநாளுக்கு விழுந்த முந்திரிப் பருப்பு, மகள் ஒட்டி வைத்த சூயிங்கம், மேஜை எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று சொல்லும் ஓர் ஒட்டுத்தாள். ஐம்பதை நெருங்கும் வயதில், மேலே இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் கீழே கைலியுமாக, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் ஏன் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். நாகூர் வரைக்கும் செய்தி போய்விட்டது. எனக்கு வேலை போய்விட்டதாகவும், மேஜைக்கு அடியில் உட்கார்ந்து அழுததாகவும், என் மனைவி நஸீமா தஸ்பீஹ் மணிமாலையால் அடித்து வெளியே துரத்தியதாகவும் ஊரில் பேச்சு என்று தம்பி போனில் சொன்னான்.

யாரும் அழவில்லை. என் வேலையும் போகவில்லை. ஊரை விட்டுப் போகப் பார்த்தவர் வில்மர்.

2

வில்மர் உருகுவேக்காரர். நியூஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மெண்ட் வளாகத்திலேயே, குப்பைத்தொட்டிகளுக்கு எதிர்க் கட்டிடத்தில் இருக்கிறார். இங்கே கல்லை விட்டெறிந்தால் ஒரு சாஃப்ட்வேர்காரர் மேல் படும். தப்பித்தால் மருந்துக் கம்பெனிக்காரர் மேல் படும். முன்னாள் தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர் என்று இருப்பவர் இவர் ஒருவர்தான். பகலில் ஒரு கிடங்கில் வேலை. சாயங்காலம் எங்கள் டவுன் கிளப்பில் பெண் பிள்ளைகள் அணிக்குப் பகுதிநேரப் பயிற்சியாளர். என் மகள் ஆயிஷா அந்த அணியில் ஸ்டாப்பர். அதாவது கோல்கீப்பருக்கு முன்னால் நின்று, வருகிறவர்களையெல்லாம் வராமல் செய்கிற வேலை. வீட்டிலும் அதைத்தான் செய்கிறாள்.

வில்மரும் ஸ்டாப்பர்தான். பதினேழு வயதில் தொடங்கி முட்டி சொன்னபடி கேட்கிற வரைக்கும் ஆடியிருக்கிறார். எத்தனை கிளப் என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார்.

"பன்னிரண்டு. பதின்மூன்றும் சொல்லலாம். ஒரு கிளப் நான் போய் இறங்கின வாரமே மூடிட்டாங்க. அதைச் சேர்க்கலாமா?"

"சேருங்க," என்றேன். நான் சேர்ந்து நாலாவது நாளே மூடிய புராஜெக்ட்டைக்கூட ரெஸ்யூமில் சேர்த்தவன் நான்.

பிரேசில் எல்லைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் தொடக்கம். மைதானத்துக்குப் பின்னால் இறைச்சித் தொழிற்சாலை. காற்று திரும்பினால் வெளியூர் அணி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆடுமாம். அந்தக் கிளப்பின் வெற்றிகளில் பாதி காற்றால் வந்தவை. பிறகு தலைநகரில் இரண்டாம் டிவிஷன். பிறகு பொலிவியா. அங்கே மலை உச்சியில் மைதானம். முதல் மாட்சில் பாதி நேரத்தில் ஆக்சிஜன் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "எங்க உம்மாகிட்ட சொல்லிடுங்க" என்கிற மாதிரி ஏதோ ஸ்பானிஷில் சொன்னாராம். சிலியில் பாலைவனத்துச் சுரங்க ஊர். ஈக்வடாரில் வாழைப்பழ ஏற்றுமதி ஊர். கிரீஸில் ஒரு தீவு. வெளியூர் ஆட்டத்துக்குப் படகில் போய், வாந்தி எடுத்து, ஆடி, தோற்று, மறுபடி படகில் வாந்தி எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். இடையில் இந்தோனேசியா. அதற்குப் பின் கௌதமாலா. கடைசியில் மெக்சிகோ.

எல்லா இடத்துக்கும் அவர் போட்டிப் பருவத்தின் நடுவில்தான் போயிருக்கிறார். யாருக்காவது கால் உடையும். இவருக்குப் போன் வரும். உடைந்தவரின் சட்டை எண், உடைந்தவரின் வீடு, சில ஊர்களில் உடைந்தவரின் செருப்புகூட இவருக்கு வந்திருக்கிறது. கோப்பை ஏதாவது ஜெயித்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"ஒண்ணு. ஆனா அது நான் போன பிறகு ஜெயிச்சாங்க. எனக்கு போட்டோ அனுப்பினாங்க."

"பெரிய ஆட்டக்காரர் யாரையாவது தடுத்திருக்கீங்களா?"

மார்பை நிமிர்த்தினார். பின்னால் உலகமே கொண்டாடப் போகிற ஒரு பையனை ஒரு ஆட்டத்தில் கோல் போட விடாமல் நிறுத்தியிருக்கிறார். பெயரைச் சொல்லவில்லை. நான் விடாமல் கேட்டதும் நெற்றியைச் சொறிந்தார். "இருபதாவது நிமிஷம் அவனுக்குத் தொடையில பிடிச்சுக்கிச்சு. வெளியே போயிட்டான். ஆனா அந்த இருபது நிமிஷம் நான் நல்லா ஆடினேன்."

இதையெல்லாம் அவர் எங்கள் வீட்டில் நாகூர்ப் பலகாரமான இறால் வாடா தின்றுகொண்டே சொன்னார். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போகிறவர்களைச் சபராளி என்போம். என் வாப்பா சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் போய் வந்த சபராளி. நான் விசாவில் வந்த சபராளி. சார்லட், ஹூஸ்டன், சான்டா கிளாரா, ஹார்ட்ஃபோர்ட் என்று கான்ட்ராக்ட் கூப்பிட்ட பக்கமெல்லாம் காற்றடைத்த மெத்தையோடு போனவன். ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் பக்கம் எந்தக் கடையில் எந்த நாள் பரோட்டா சூடாக இருக்கும் என்று கண்டுபிடித்த வாரம்தான் புராஜெக்ட் முடிந்தது. ஆனாலும் வில்மரைக் கேட்ட பிறகு நான் வீட்டை விட்டே வெளியே போகாதவன் மாதிரி ஆகிவிட்டேன்.

நஸீமா ஒரு வார்த்தையில் முடித்தாள். "இவருதான் மச்சான் ஒரிஜினல் சபராளி. நீங்க ஏசி பஸ்."

3

அணிக்கு முழுநேரப் பயிற்சியாளர் ஒருவரை எடுக்கப் போவதாகக் கிளப் அறிவித்தது. விண்ணப்பம், ரெஸ்யூம், வீடியோவில் நேர்காணல். போட்டிக்கு, சான்றிதழ்களை விசிறி போல விரிக்கக்கூடிய ஓர் இளைஞர் இருந்தார். வில்மரிடம் இருந்தவை தலையில் அடிபட்டால் என்ன செய்வது என்ற ஆன்லைன் வகுப்பின் சான்றிதழ் ஒன்று, குற்றப் பின்னணிச் சோதனைக்குக் கைரேகை எடுத்த ரசீது ஒன்று. வேலை கிடைக்காவிட்டால் டெக்ஸாஸ். அங்கே அவர் மச்சினர் கூரை போடும் தொழில் செய்கிறார். வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். வில்மரின் மனைவி லூசியா நர்ஸ், எங்கே போனாலும் வேலை கிடைக்கும். அதனால் அவர்கள் பெட்டி பாதி கட்டிய நிலையில்தான் இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் ஆயிஷா என்னைப் பார்த்துப் பேசினாள். இது செய்தி. அவளுக்குப் பதின்மூன்று முடிந்ததிலிருந்து, என்னிடம் பேச வேண்டியதை நஸீமா மூலமாகத்தான் அனுப்புகிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் உம்மாவிடம் பதில் சொல்வாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே எனக்கு ஃபார்வர்ட் ஆகி வரும்.

"வாப்பா, நீங்க எல்லாருக்கும் ரெஸ்யூம் ஹெல்ப் பண்ணுவீங்கல்ல? கோச்சுக்குப் பண்ணுங்க. ப்ளீஸ்."

தமிழில். நேராக. ப்ளீஸ் சேர்த்து. சந்தோஷத்தில் எனக்குப் புரையேறியது. பிறகு பயம் வந்தது. என்னிடம் சந்தோஷமும் பயமும் ஒரே பஸ்ஸில்தான் வரும். பயம் ஜன்னல் சீட்டில் இருக்கும். இது சொதப்பினால் வில்மர் டெக்ஸாஸ், நான் மறுபடி ஃபார்வர்ட்.

எனவே என் முழுத் திறமையையும் இறக்கினேன். வேலை தேடும் நம் ஆட்களுக்கு ரெஸ்யூம் எழுதுவது எப்படி என்பது ஊரறிந்தது. வாய்க்காலில் இறங்கி நின்றதைக்கூட நீர் மேலாண்மை என்று எழுதுவோம். வில்மரின் வாழ்க்கை என் கையில் இப்படி ஆனது: பல நாடுகள் அடங்கிய சூழலில் தற்காப்பு நடவடிக்கைகளுக்குத் தொடக்கம் முதல் முடிவு வரை தலைமை தாங்கியவர். உயரமான நிலப்பகுதிகளில் நெருக்கடி மேலாண்மை. கடல்வழிப் போக்குவரத்துச் சவால்களுக்கு இடையில் குழு ஒருங்கிணைப்பு. எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில், பதின்மூன்று வாடிக்கையாளர்கள், எட்டு நாடுகள்.

அந்த வரியைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன். என் துறையில் பதின்மூன்று கம்பெனி பார்த்தவன் என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைப்பார்கள். பல தண்ணீர் குடித்தவன், எதையும் சமாளிப்பான் என்று அர்த்தம். கால்பந்தில் அதற்கு வேறு அர்த்தம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

வில்மர் படித்துவிட்டு, "இது யாரு? நல்ல ஆளா இருக்காரே," என்றார்.

நடுவில் ஒரு வருடம் காலியாக இருந்தது. சுயேச்சை ஆலோசகர் என்று போட்டிருந்தேன். அந்த வருடம் எந்தக் கிளப்பும் கூப்பிடாமல், ஒன்றுவிட்ட அண்ணனின் லாரியில் செம்மறி ஆடு ஏற்றிக்கொண்டிருந்தாராம். ஆடுகளுக்கு ஆலோசனை சொல்லியிருக்க மாட்டீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் சொன்னதாக ஒப்புக்கொண்டார். அப்படியே விட்டோம்.

4

அடுத்தது நேர்காணல். வில்மரின் ஆங்கிலம் மைதானத்துக்குப் போதும். கிளப்பின் தேர்வுக் குழுவுக்குப் போதாது என்று நான் முடிவு செய்தேன். அவர் முடிவு செய்யவில்லை. அவர் மனைவி இரவு டியூட்டி முடித்துத் தூங்குவதால் எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அதற்கப்புறம் என் மூளையில் உதித்தது, எங்கள் துறையில் காதோடு காதாகப் பேசப்படும் அந்த யோசனை. கேமராவுக்கு எதிரே அவர். கேமராவுக்குத் தெரியாத இடத்தில் நான். கேள்வி வந்ததும் பெரிய எழுத்தில் பதிலைத் தட்டி, என் லேப்டாப் திரையை அவர் முட்டிக்குப் பக்கத்தில் தூக்கிக் காட்டுவேன்.

நஸீமா இடுப்பில் கை வைத்தாள். "வெக்கமா இல்லையா மச்சான்? கோல் போஸ்டுக்கு உள்ள ஒளிஞ்சுக்கிட்டு பந்தைப் பிடிக்கிற மாதிரி இருக்கு."

"இது வெறும் சப்போர்ட்."

"சப்போர்ட்டுக்கு எதுக்கு முழுக்கைச் சட்டை?"

நேர்காணல் என்றால் கை தானாகச் சட்டையைத் தேடுகிறது.

ஞாயிறு காலை ஆயிஷா தோழி வீட்டில். திரையில் மூன்று பேர். பேசியவர் குழுத் தலைவி, ஒரு பல் மருத்துவர். மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்னால் பேசுகிற அந்த இனிமையான குரலில் தொடங்கினார்.

"ரெஸ்யூம் படித்தேன். பதின்மூன்று கிளப்புகள். ஏன் ஓர் இடத்தில்கூட நிலைக்கவில்லை?"

மேஜைக்கு அடியில் எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் கொட்டை எழுத்தில் போட்டது பெருமை அல்ல, குற்றப்பத்திரிகை. வியர்வை கண்ணில் இறங்கியது. விரல்கள் தாமாக, இத்தனை வருடம் நான் எனக்கே சொல்லிவந்த பதிலைத் தட்டின: 'புராஜெக்ட் வெற்றிகரமாக முடிந்தது.' தூக்கிக் காட்டினேன்.

வில்மர் குனிந்து பார்த்தார். அவருக்குப் படிக்கக் கண்ணாடி வேண்டும். அதை அழகு கெடும் என்று போடமாட்டார். கண்ணைச் சுருக்கி எழுத்துக் கூட்டி, "புராஜெக்ட்... முடிந்தது," என்று வாசித்தார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. காலில் கட்டுகிற ஷின் கார்டை மறந்துவிட்டுப் போன ஆயிஷா.

"வாப்பா? மேஜைக்கு அடியில என்ன பண்றீங்க?"

தெளிவாக, கணீரென்று. இந்தக் குரலில்தான் இத்தனை நாளும் என்னிடம் பேச மறுத்தாள். பல் மருத்துவர், அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

"இருக்கார்," என்றார் வில்மர். "என் நண்பர். மேஜைக்கு அடியில் இருக்கார். அவருக்கு டென்ஷன்."

"அவரை வெளியே வரச் சொல்லுங்கள்."

வெளியே வந்தேன். மேலே நியூஜெர்சி, கீழே நாகூர். கைலியின் ஒரு முனை நாற்காலிக் காலில் மாட்டிக்கொண்டதால் மரியாதையாகப் பாதி குனிந்த நிலையிலேயே வணக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஆயிஷா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"எல்லா டீமிலும் இப்படி ஒருத்தர் உண்டு," என்றார் வில்மர் கேமராவைப் பார்த்து. "நல்ல மனசு. பந்தை எங்கேயும் அடிப்பார். நாங்க அவரை ஓரமா நிறுத்துவோம்."

பிறகு என் லேப்டாப்பை மூடித் தள்ளி வைத்துவிட்டு, தன்னுடைய ஆங்கிலத்திலேயே பேசினார். அதை என்னால் முடிந்த மட்டும் தமிழில் தருகிறேன்.

"ஏன் பதின்மூன்று? நான் ஸ்லோ. ரொம்ப ஸ்லோ. முதல் வருஷம் யாருக்கும் தெரியாது, ஏன்னா சரியான இடத்துல முன்னாடியே நின்னுடுவேன். ரெண்டாவது வருஷம் கண்டுபிடிச்சிடுவாங்க. அதனால ரெண்டாவது வருஷம் இல்ல. ஸ்லோவா இருக்கிறவன் பேசணும். கத்தணும். விடு, என்னுது, உனக்குப் பின்னாடி. எந்த நாட்டுக்குப் போனாலும் முதல்ல இதைத்தான் கத்துக்குவேன். அப்புறம்தான் சோறு, தண்ணி. உங்க பொண்ணுங்களும் ஸ்லோதான், மேடம். மன்னிக்கணும். ஆனா ஸ்லோவா இருக்கிறவங்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கணும்னு எனக்குத் தெரியும். இந்த வேலைக்குப் போட்டி போடற அந்தத் தம்பி வேகமா ஓடுவார், பார்த்திருக்கேன். அவருக்கு இது தெரியாது."

ஆடு ஏற்றின வருடத்தைப் பற்றியும் சொல்லிவிட்டார். சட்டையைப் பிடித்து இழுக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதாகப் புகார் வந்திருக்கிறதே என்று குழுவில் ஒருவர் கேட்டார். அது பொய் என்றார் வில்மர். தான் கற்றுக்கொடுப்பது நடுவர் பார்க்காத பக்கம் இழுக்க. அதோடு நேர்காணல் முடிந்தது.

5

ஆயிஷா பேசவில்லை. நஸீமா மூலமாகக்கூட இல்லை. ஃபார்வர்ட் வசதியும் நிறுத்தப்பட்டது. கிளப்பிலிருந்து பதிலும் வரவில்லை. வில்மர் வீட்டுக்கு முன்னால் அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. நான் ஒரு நாளைக்குப் பத்து முறை கிளப்பின் வலைப்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கிரீன் கார்டுக்குக்கூட அப்படிப் பார்த்ததில்லை. ஆபீஸ் மீட்டிங்கில் யாரோ என் கருத்தைக் கேட்டபோது, வில்மர் கத்துகிற மாதிரி, பின்னால் ஆள் நிற்கிறது என்று சொல்லி வைத்தேன்.

சனிக்கிழமை மாட்சுக்குப் போனேன். எப்போதும் போவேன், ஆனால் காருக்குள் இருந்து போனில் மெயில் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று போனைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் மைதானக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன். எதிரணிப் பிள்ளைகள் குதிரைக்குட்டிகள் மாதிரி இருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் வில்மர் சொன்னது போலத்தான்.

ஆனால் சத்தம். இடது பேக், அதாவது இடது பக்கம் தடுக்கிறவள், ஸ்பானிஷில் கத்தினாள். வலது பேக், தெலுங்குப் பிள்ளை, தெலுங்கில். நடுவில் என் மகள், முகம் சிவந்து, "விடு! விடுடீ! பின்னாடி வர்றா! பின்னாடி!" என்று நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூவுகிற மாதிரி கூவிக்கொண்டிருந்தாள். தெலுங்குப் பிள்ளைக்கு விடுவும் பின்னாடியும் புரிகிறது. ஸ்பானிஷ் பிள்ளைக்கும் புரிகிறது. எதிரணிக்குத்தான் புரியவில்லை. குதிரைக்குட்டிகள் ஓடி வந்து ஒவ்வொரு முறையும் யாரோ ஏற்கனவே நிற்கிற இடத்தில் முட்டிக்கொண்டன.

பக்கத்தில் வில்மர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "வீட்டுல பேசற மொழியில கத்துன்னு சொன்னேன்," என்றார். "அவசரத்துல அதுதான் சீக்கிரம் வரும்."

வீட்டில் அவள் அப்படிப் பேசுவதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு அது தெரிய வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆட்டம் கோல் ஒன்றுமில்லாமல் டிராவில் முடிந்தது. எங்கள் பிள்ளைகள் உலகக் கோப்பை வாங்கின மாதிரி குதித்தார்கள். திரும்பி வரும்போது காரில் ஆயிஷாவிடம், நான் செய்தது தப்பு என்றேன். எந்த நகைச்சுவையும் சேர்க்கவில்லை; எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்:

"குறைஞ்சது பேண்ட்டாவது போட்டிருக்கலாம்."

6

பதில் வந்த அன்று வில்மர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலை கிடைத்துவிட்டது. முகம் மட்டும் கிடைக்காதவர் முகம்.

"எத்தனை வருஷத்துக்கு?" என்றேன்.

"ஒரு வருஷம்."

நான் கொதித்துவிட்டேன். ஒரு வருடம் எப்படிக் கொடுக்கலாம், திருப்பி எழுதலாம், நான் எழுதுகிறேன் என்று லேப்டாப்பைத் தேடினேன். அது சோபாவுக்குப் பின்னால் இருந்தது. நஸீமா அதை அங்கே ஒளித்து வைத்திருந்தாள் என்பது பிறகு தெரிந்தது.

"அது பரவாயில்ல," என்றார் வில்மர். "ஒரு வருஷம் எனக்கு நல்லா தெரியும். ஒரு வருஷத்துல என்னைவிடப் பெரிய ஆள் கிடையாது. ஆனா லூசியா பெட்டியெல்லாம் பிரிச்சிட்டா. இனிமே எங்கேயும் வர மாட்டாளாம். அடுத்த வருஷமும் இங்கதான்னு சொல்லிட்டா." கையை விரித்தார். "ரெண்டாவது வருஷம் ஓர் ஊர்ல என்ன செய்வாங்க? நீங்க இங்க எட்டு வருஷமா இருக்கீங்க. சொல்லுங்க."

உலகத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. எட்டு வருடமாக ஒவ்வொரு டிசம்பரிலும் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற வரைக்கும் தூங்காமல் கிடக்கிறவன், இவருக்கு எதைச் சொல்வது? நிரந்தரமாக ஒரு பல் மருத்துவரை வைத்துக்கொள்ளலாம், இங்கே இருப்பவர் குழுத் தலைவியும் ஆயிற்று என்றேன். போன வருடம் சண்டை போட்ட ஆட்களோடு மறுபடி பேச வேண்டியிருக்கும், ஊர் மாறிக்கொண்டே இருந்தால் அது தேவைப்படாது என்றேன். இரண்டுக்கும் அவர் தலையாட்டினார். எழுதி வைத்துக்கொள்கிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

நஸீமா குறுக்கிட்டாள். அவளுடைய ஆங்கிலம் என்னுடையதைவிட நேரானது.

"முதல் வருஷம் வந்தவங்களுக்கு நாங்க டீ போட்டுக் கொடுப்போம் வில்மர். அதுக்கப்புறம் அவங்களே போட்டுக்கணும். எனக்கும் ஒண்ணு. சக்கரை கம்மி."

வில்மர் அவளைப் பார்த்தார். விளையாட்டு இல்லை என்று தெரிந்ததும் எழுந்து அடுக்களைக்குப் போனார். அலமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம். ஏலக்காய் டப்பா உருண்டது. ஏதோ ஸ்பானிஷில் அதைத் திட்டினார். பால் எங்கே, டீத்தூள் எங்கே என்று கேட்கவில்லை. நான் பதறி எழுந்தேன். ஆயிஷா என் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"விடுங்க வாப்பா," என்றாள்.